சர்க்கரை விறுவிறுவென ஏறுகிறதா? எந்த வகை என்று முதலில் கேளுங்கள்!

வாரத்தில் நான்கு நாள் விழுப்புரத்திலும், இரண்டு நாள் திண்டிவனத்திலும் நோயாளிகளைப் பார்க்கிறேன். இரண்டு ஊரிலும் என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "ஐயா, எனக்கு சுகர் இருக்கு."

"என்ன வகை சுகர்?" என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். "சுகர்னா சுகர்தானுங்களே? அதுல என்ன வகை?"

இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாததால் உயிருக்கே ஆபத்து வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துக்காரர். வயது 34, ஒல்லியான உடம்பு. மனைவியும் தாய்மாமனும் விழுப்புரத்துக்கு பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். வெறும் வயிற்றில் முதலில் 178. மூன்று வாரம் கழித்து 265. இரண்டு நாள் முன்னால் 412! இதற்கு நடுவில் மாத்திரையை இரண்டு தடவை கூட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் எட்டு கிலோ எடை குறைந்திருக்கிறது.

"சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறாருங்க. ராத்திரி அஞ்சாறு தடவை எழுந்து போறாரு" என்றார் மனைவி.

மாமன் குறுக்கிட்டார். "இன்சுலின் ஊசி போடணும்னு சொல்லிட்டாங்க. ஊசியை ஆரம்பிச்சா ஆயுசு பூரா ஊசிதானாமே! அதான் நாட்டு மருந்து வாங்கலாம்னு உங்ககிட்ட வந்தோம்."

நான் அவரை உற்றுப் பார்த்தேன். நாக்கு உலர்ந்திருந்தது. காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி. மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கியது. அந்த மூச்சில் அழுகிய பழம் போல ஒரு வாடை. சிறுநீரில் பட்டை வைத்துப் பார்த்தால் 'கீட்டோன்' ஏராளம்!

"பஸ்ஸில் வரும்போது முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தானே வந்தீங்க? உடனே அங்கே போகணும். இன்னிக்கு இவருக்கு என்கிட்ட மருந்து இல்லை" என்று சொல்லி, 108-க்குப் போன் செய்தேன்.

நரம்பு வழியாகத் திரவமும் இன்சுலினும் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். பிறகு செய்த சோதனையில் தெரிந்தது, அவருக்கு வந்திருப்பது முதல் வகை நீரிழிவு!

நானும் தவறியிருக்கிறேன்

பாளையங்கோட்டையில் படித்து முடித்துவிட்டு வந்த புதிதில், ஒரு காலேஜ் மாணவனை என்னிடம் கூட்டி வந்தார்கள். மெலிந்த பையன். ஓயாத தாகம். நீரிழிவு என்று கண்டுகொண்டேன். எந்த வகை என்று நான் யோசிக்கவில்லை. குடிநீர் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னேன். ஐந்தாம் நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என்னென்ன வகை?

நம் சித்த நூல்கள் மேகநோயை இருபதாகப் பிரித்தன. நீரிழிவுக்காரர்களில் பிறவியிலேயே வருபவர் மெலிந்தவர், தவறான உணவால் வருபவர் பருத்தவர் என்று சுஸ்ருதர் அன்றே பிரித்தார். ஆக, வகை பார்ப்பது புதிய சங்கதி அல்ல.

முதல் வகை: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. குழந்தைகளுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். முப்பதிலும் நாற்பதிலும் வரலாம். சிலருக்கு மெதுவாக வளரும். அதனால் ஆரம்பத்தில் மாத்திரைக்குக் கட்டுப்படுவது போலப் போக்குக் காட்டும்.

இரண்டாம் வகை: இன்சுலின் சுரக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது. நம்மில் பெரும்பாலோருக்கு இதுதான்.

கணையக் கல்லால் வருவது: தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், அதிகம் ஆராயப்பட்டது. வயிற்று வலியும் மெலிவும் சேர்ந்து வரலாம்.

ஐந்தாம் வகை: சிறு வயதில் சத்துக் குறைவால் வாடியவர்களுக்கு வருவது. உலக சுகாதார நிறுவனம் 1985-ல் இதைத் தனி வகையாகச் சேர்த்தது. 1999-ல் நீக்கியது. சர்வதேச நீரிழிவு சம்மேளனம் 2025-ல் மறுபடியும் அங்கீகரித்தது. நிபுணர்களுக்கே இத்தனை ஆண்டுக் குழப்பம் என்றால், நம் வீட்டில் குழப்பம் வருவதில் என்ன வெட்கம்?

ஒரே எண், வேறு நோய்

திண்டிவனத்தில் ஓர் அம்மா. வயது 52, பருமனான உடம்பு. அவருக்கும் சர்க்கரை ஒரே மாதத்தில் 400-ஐத் தாண்டியது. தோண்டித் துருவிக் கேட்டபோதுதான் சொன்னார், மூட்டு வலிக்குத் தெருவில் விற்ற, பெயர் இல்லாத ஒரு பொடியைச் சாப்பிட்டு வந்தாராம். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் அபாயம் உண்டு. ஸ்டீராய்டு சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றும். (உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சாப்பிட்டு வந்தால், தானாகச் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள்.) ஆங்கில மருத்துவர் அவருக்கு மூன்று மாதம் இன்சுலின் கொடுத்தார். சர்க்கரை அடங்கியதும் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார். அவருடையது இரண்டாம் வகை!

பார்த்தீர்களா? "ஊசி ஆரம்பித்தால் ஆயுசு பூராவும்" என்பது எல்லாருக்கும் பொருந்தாது. அந்த 34 வயதுக்காரருக்கோ, ஊசிதான் உயிர். 1922 ஜனவரியில் டொரான்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் முதல் வகை வந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்ததில்லை.

என்ன சோதனை?

வெறும் வயிற்றில் 126, சோதனைக்காக குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, மூன்று மாத சராசரி எனப்படும் ஹெச்.பி.ஏ.1சி 6.5 சதவிகிதம் - இவை அல்லது இவற்றுக்கு மேல் இருந்தால் நீரிழிவு. ஆனால் இந்த எண்கள் வகையைச் சொல்லாது. வகையில் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்:

* ஜி.ஏ.டி. ஆன்டிபாடி: எதிர்ப்புச் சக்தி கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும்.

* சி-பெப்டைடு: உங்கள் உடம்பில் இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும். சர்க்கரை மிக அதிகமாக இருக்கும்போது இது தற்காலிகமாகக் குறைந்து காட்டலாம். அதனால் சில சமயம் மறுபடி எடுக்க வேண்டிவரும்.

* வயிற்று ஸ்கேன்: கணையத்தில் கல்லோ கட்டியோ உண்டா என்று பார்க்க. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக சர்க்கரை வந்து, காரணமில்லாமல் எடையும் குறைந்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

முடிவு தெரியும்வரை, டாக்டர் இன்சுலின் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். தேவைப்படாவிட்டால் பிறகு குறைக்கலாம். தேவைப்படும்போது போடாமல் விட்டால் திருத்த முடியாமல் போகலாம்.

உடனே ஓடுங்கள்!

சர்க்கரை அதிகமாக இருக்கும்போது வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேக மூச்சு, பழ வாடை, மந்தமான பேச்சு, தூக்கக் கலக்கம் - இதில் ஒன்று இருந்தாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டு இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சல் வந்தாலும், சரியாகச் சாப்பிட முடியாவிட்டாலும், முதல் வகைக்காரர்கள் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றலாம்.

அப்போ சித்த மருந்து?

இரண்டாம் வகையில், கட்டுக்குள் இருக்கும் சர்க்கரைக்குத் துணையாக ஆவாரைக் குடிநீர் கொடுக்கிறேன். சிறுகுறிஞ்சானும் கொடுப்பதுண்டு. ஆனால் மாத்திரையோடு இவை சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். அதனால் இரண்டு மருத்துவருக்கும் தெரிந்தே சாப்பிடுங்கள். கேழ்வரகுக் கூழ் என்றாலும் அளவு வேண்டும். சொம்பு நிறையக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். முதல் வகையில் இன்சுலினுக்குப் பதிலாக எந்த மூலிகையும் இல்லை. நாடி பிடித்துப் பல விஷயம் சொல்லலாம், கணையத்தில் எவ்வளவு இன்சுலின் மிச்சம் இருக்கிறது என்று நாடி சொல்லாது.

அந்த 34 வயதுக்காரர் போன மாதம் திண்டிவனத்தில் வந்து பார்த்தார். இழந்த எடையில் ஐந்து கிலோ திரும்பியிருந்தது. ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறார். கூட வந்த மாமன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, எனக்கும் சுகர் இருக்கு. எனக்கு என்ன வகைனு பார்த்துடலாமா?"

இந்தக் கேள்வியை நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நாளைக்கே கேளுங்கள்!