தொழிலிடத்தில் விரயம்

விரயம் என்னும் சொல், செலவு எனப் பொருள்படும் 'வியய' என்ற வடசொல்லின் திரிபாகும். தமிழ் வழக்கில் அது பயனின்றிக் கழியும் செலவையே பெரிதும் குறிப்பதாயிற்று. தொழிலிடத்து விரயம் என்றவுடன், கிழித்தெறிந்த காகிதமும் ஆளில்லா அறையில் எரியும் மின்விளக்குமே நம் நினைவுக்கு வருவன. இவை கண்ணுக்குப் புலனாவன. ஆதலாற் கண்டிப்பதும் எளிது. ஆயின், வேலையின் உருவிலேயே மறைந்து நிற்கும் விரயமும் உண்டு. அதனைக் காண்பதும் களைவதும் எங்ஙனம் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

அமெரிக்கரான பிராங்க் கில்பிரெத் (1868 - 1924) இளமையிற் செங்கல் அடுக்கும் தொழில் பயின்றவர். ஒரு கல்லை வைப்பதற்குக் கொத்தர் பதினெட்டு அசைவுகள் செய்வதை அவர் கணக்கிட்டார். கல்லும் சாந்தும் தாழ்ந்து கிடந்தமையால், ஒவ்வொரு கல்லுக்கும் உடல் முழுவதும் குனிந்து நிமிர்ந்தது. அவற்றைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தற்கேற்ற சாரம் ஒன்றை அவர் அமைத்தார். அசைவுகள் ஐந்தாகக் குறைந்தன. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைக்கலாயினர். குனிவதும் வேலையின் ஒரு கூறே என்று அதுகாறும் யாவரும் எண்ணியிருந்தனர். விரயம் நெடுங்காலம் வாழ்வதற்குக் காரணம் இதுவே: பழக்கம் அதற்கு வேலை என்று பெயர் சூட்டிவிடுகிறது.

இவ்வுண்மையை ஒரு முறைமையாக வகுத்தவர், யப்பானில் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையிற் பணியாற்றிய தைச்சி ஓனோ (1912 - 1990). 'முடா' என்னும் யப்பானியச் சொல்லால் விரயத்தைச் சுட்டிய அவர், அதனை எழுவகையாகப் பகுத்தார். தேவைக்கு மிஞ்சி ஆக்கல், காத்திருத்தல், பொருளை வீணே இடம் மாற்றல், வேண்டாத செய்முறை, மிகையான இருப்பு, வேண்டாத அசைவு, பழுதான பொருளை ஆக்கல் என்பன அவை. இவற்றுள் தேவைக்கு மிஞ்சி ஆக்குதலே தலையாய தீங்கு. மிகுதியாக ஆக்கியதை வைக்க இடம் வேண்டும். சுமக்க ஆள் வேண்டும். குவியலினுள் பழுதும் மறைந்துவிடும்.

இப்பகுப்பு தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று. ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பிரதி போதுமான அறிக்கையை ஐந்து பிரதிகளாக எடுப்பது மிகையாக்கம். ஒரு கையொப்பத்துக்காகக் கோவை மேசையிற் கிடப்பது காத்திருத்தல். ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதுவது வேண்டாத செய்முறை. சாதாரண ஏ4 தாள் ஒன்றின் நிறை 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. ஆயினும் தாளின் விலையினும், அதனை வாசித்து, அடுக்கி, பின்னர் தேடி எடுக்கும் மனித நேரமே பெரிது. தாளின் இருபுறமும் எழுதுவது சிக்கனம். அவ்வறிக்கை வேண்டுமா என வினவுவதே அறிவு.

அவ்வினாவை எழுப்பத்தக்கவர் யார்? மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாரும் ஓயாது உழைப்பதாகவே தோன்றும். எவ்வேலை வீண் என்பதை முதலில் உணர்பவர் அதனைச் செய்பவரே. சக்கிச்சி டொயோடா 1924 இல் நிறைவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும். பழுதான துணி நெய்யப்படுவதில்லை. அக்கொள்கையைப் பின்பற்றி, டொயோட்டா தொழிற்சாலையில் குறை கண்ட தொழிலாளி ஒருவர் கயிற்றை இழுத்து வேலைத் தொடரையே நிறுத்தும் உரிமை பெற்றார்.

உரிமை அளித்தால் மட்டும் போதாது. அச்சமும் நீங்க வேண்டும். தம் வேலையிற் பாதி வீண் எனக் காட்டுபவர் அதனாலேயே வேலையிழப்பாராயின், மறுநாள் எவர் வாய் திறப்பர்? 1950 இல், பணமுடையுற்ற டொயோட்டா நிறுவனம் ஆட்குறைப்பில் இறங்கியபோது வேலைநிறுத்தம் மூண்டது. தலைவர் கீச்சிரோ டொயோடா பதவி துறந்தார். 1962 இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் பரஸ்பர நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட கூட்டறிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டன. விரயத்தைக் களையும் முறை அத்தகைய நம்பிக்கையின்றி நிலைபெறாது.

ஆகவே, சிக்கனம் என்பது ஊழியரை மேலும் விரைந்து ஓடச் செய்வதன்று. ஓட வேண்டிய தேவையையே குறைப்பதாகும். மிஞ்சும் நேரம் உழைப்பவருக்கும் பயன்படுமிடத்து, விரயத்தைத் தேட மேற்பார்வையாளர் வேண்டியதில்லை. உழைப்பவரே அதனைச் சுட்டிக்காட்டுவர்.