ஒரே ஒரு குண்டு, அதற்கேற்ற ஸ்கோப்

1985-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டோனி நைட் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் எம்.கே.-85 என்றொரு வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். நம்மூர் நாட்டுத் துப்பாக்கியைப் போலவே குழல் வாய்வழியே மருந்தையும் குண்டையும் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிப்பதுதான் முறை. பக்கவாட்டில் இருந்த பற்றவைப்பை மட்டும் அவர் குழலுக்கு நேர் பின்னால் கொண்டுபோனார். குறிபார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்கோப்பை மேற்புறத்தில் பொருத்த வசதி வந்தது.

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் ஸ்கோப் பூட்டும் வழக்கம் அப்போது பிறந்ததல்ல. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் 1855 முதலே துப்பாக்கிக்கான ஸ்கோப்புகளைச் செய்து விற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிகாரர்கள் சிலரின் விட்வொர்த் என்ற வாய்வழித் துப்பாக்கிகளில் இடப்பக்கமாக ஸ்கோப் பூட்டியிருந்தது.

இன்று கடைக்குப் போகிறவரைப் பெரிய உருப்பெருக்க எண்கள்தான் முதலில் இழுக்கின்றன. அவை பெரும்பாலும் வீண். வாய்வழித் துப்பாக்கியின் 0.50 அங்குலக் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 1,800 அடி வேகத்தில் கிளம்புகிறது. நவீன தோட்டா ரைஃபிளில் வேகம் 2,800 அடியையும் தாண்டும். வேகம் குறைவென்பதால், 100 கஜத்துக்குக் குறிசரி செய்த வாய்வழித் துப்பாக்கியின் குண்டு 200 கஜத்தில் ஓரடி அளவுக்குத் தாழ்ந்துவிடும். அதனால் பெரும்பாலோர் 150 கஜத்துக்குள்தான் சுடுகிறார்கள். அதற்கு 3 முதல் 9 மடங்கு வரை மாற்றக்கூடிய, முகப்பு வில்லை 40 மில்லிமீட்டர் உள்ள ஸ்கோப் தாராளம். அடர்ந்த காடென்றால் 2 முதல் 7 மடங்கு இன்னும் நல்லது.

வெளிச்சம்தான் உண்மையான சோதனை. வெள்ளைவால் மான் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். முகப்பு வில்லையின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் வில்லையில் 9 மடங்கு வைத்தால் அது நாலரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 5 மடங்குக்கு இறக்கினால் 8. மங்கலில் மனிதக் கண்மணி 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஆக, அந்தியில் உருப்பெருக்கத்தைக் குறைத்தால்தான் மான் தெளிவாகத் தெரியும். முதல் வெடிக்கே புகை கண்ணை மறைக்கும், மறுபடி கெட்டிப்பதற்குள் மான் போய்விடும். கிடைப்பது ஒரே வாய்ப்பு என்பதால், இந்தத் தெளிவுக்காகக் கொடுக்கும் பணம் வீணாகாது.

மருந்து கூடக்கூடப் பின்னுதைப்பும் கூடும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நான்கு அங்குலமாவது இடைவெளி கிடைக்காவிட்டால் உலோக விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடக்கூடும். உள்ளே நைட்ரஜன் நிரப்பி, நீர் புகாமல் அடைத்ததாக இருக்கட்டும். குளிரிலும் மழையிலும் வில்லையின் உட்புறம் பனிக்காது.

தூரத்துக்கேற்பக் குறிவைக்கச் சில ஸ்கோப்புகளின் குறுக்குக்கோட்டில் சிறு வளையங்கள் இருக்கும். அவை ஒரு குறிப்பிட்ட மருந்தளவுக்கும் குண்டுக்கும் கணக்கிட்டவை. இரண்டில் எதை மாற்றினாலும் சொந்தத் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, எந்த வளையம் எந்தத் தூரம் என்று புதிதாகக் கண்டறிய வேண்டும்.

இத்தனையும் சட்டம் அனுமதித்தால்தான். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கென்றே ஒதுக்கிய பருவத்தில் கொலராடோ ஸ்கோப்பை அனுமதிப்பதில்லை. யூட்டா 2016-இல் உருப்பெருக்கும் ஸ்கோப்புகளுக்கு வழிவிட்டு, 2024-இல் அந்தப் பருவத்துக்கு மீண்டும் தடைபோட்டது. வேட்டைக்காரர் வாங்கும் முன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிடுவது நல்லது.