கப்பலில் உப்புக் கணக்கு

டீ ஆறிவிடப் போகிறது, குடித்துக்கொண்டே பேசுவோம். இந்த டீயில் உப்பு இல்லை. பக்கத்துத் தட்டில் இருக்கிறதே பிஸ்கட், அதில் இருக்கிறது. இனிப்பு பிஸ்கட்டில் உப்பா என்று நீங்கள் புருவத்தை உயர்த்தினால், பேசவந்த விஷயத்துக்குள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கோடையில் அலாஸ்கா கப்பலுக்குக் கூட்டிப்போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. சியாட்டிலில் ஏறினால் ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிக்கான் என்று ஏழு நாள். பனிமலை, திமிங்கலம், எந்நேரமும் தீராத சாப்பாடு. அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கும், அல்லது அம்மாவுக்கு இதயம் கொஞ்சம் பலவீனமாக இருக்கும். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். வீட்டில் என்றால் அடுப்பு நம் கையில். கப்பலில் என்ன செய்வது?

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டாக்டர் உப்பு என்கிறார், பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருக்கிறது. நாம் சமைக்கும் உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். உடம்பில் வம்பு செய்வது பெரும்பாலும் அதுதான். நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பாகப் பார்த்தால் 5 கிராம், ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே உங்கள் கணக்கு. கல்லுப்பு, இந்துப்பு, கடையில் விலை அதிகமாக விற்கும் இளஞ்சிவப்பு உப்பு, எதற்கும் இதில் சலுகை கிடையாது.

நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் ஜாடிக்குள் தண்ணீர் விட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் வரும். உடம்பிலும் அதே கதைதான். சோடியம் கூடினால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்போம், சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை ரத்தத்தின் அளவு கூடுதலாக இருக்கும். குழாய் அதே குழாய், தண்ணீர் மட்டும் அதிகம் என்றால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்? இதயம் பலவீனமானவர்களுக்கு நிலைமை இன்னும் சிக்கல். பழைய மோட்டார் தள்ள முடியாத தண்ணீர் கணுக்காலில் தேங்கும், நுரையீரலிலும் சேரும். நேற்றுவரை சரியாக இருந்த செருப்பு இன்று இறுக்கினால் விஷயம் அதுவாக இருக்கலாம்.

இனி, எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வருவோம். உப்பைக் குறைக்க வேண்டும் என்றதும் நம் கை முதலில் எங்கே போகிறது? மேஜைமேல் இருக்கும் உப்பு டப்பாவைத் தள்ளி வைக்கிறோம். தள்ளிவைத்த திருப்தியோடு சூப்பைக் குடிக்கிறோம், ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொள்கிறோம். அமெரிக்காவில் 450 பேரின் சாப்பாட்டைக் கணக்கெடுத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் உடம்பில் சேர்ந்த சோடியத்தில், மேஜையில் தூவிக்கொண்டது நூற்றுக்கு ஐந்து பங்குதான். வீட்டுச் சமையலில் போட்டது இன்னொரு ஐந்தாறு பங்கு. எழுபது பங்குக்கு மேல் ஓட்டல் சாப்பாட்டிலும் கடைப் பாக்கெட்டிலும் முன்கூட்டியே சேர்ந்து வந்தது. நம் வீடுகளில் கதை வேறு, பெரும்பகுதி அடுப்படியில்தான் சேர்கிறது. ஆனால் கப்பலில் ஏறியதும் நாம் சாப்பிடுவது அந்த அமெரிக்கத் தட்டில்தான்.

நாக்கை நம்பலாமே என்பீர்கள். நாக்கு நல்ல ரசிகன், மோசமான கணக்குப்பிள்ளை. சிப்ஸில் உப்பு மேலே ஒட்டியிருக்கிறது, அதனால் உடனே தெரிகிறது. ரொட்டியில் மாவுக்குள் கலந்திருக்கிறது, தெரிவதில்லை. ஒரு துண்டு ரொட்டியில் 100 முதல் 200 மில்லிகிராம் சோடியம் இருக்கும், காலையில் மூன்று துண்டு போனால் கூட்டிப் பாருங்கள். பான்கேக்கும் கேக்கும் இனிப்புதான், ஆனால் அவற்றை உப்பவைக்கும் சோடா மாவின் பெயரே சோடியம் பைகார்பனேட். ஒரு டீஸ்பூன் சோடா மாவில் 1200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உண்டு. ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900. 'சோடியம் குறைத்தது' என்று எழுதிய சோயா சாஸ் புட்டியை ஆவலோடு எடுக்காதீர்கள். வழக்கத்தைவிடக் கால் பங்கு குறைத்தாலே அப்படி எழுதிக்கொள்ள அங்கே அனுமதி உண்டு. 900-இல் கால் பங்கு போனால் மீதி எவ்வளவு?

கப்பலின் அடுப்படிக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்ப்போம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூன்று வேளை சமைக்கிற இடம். எலும்பும் காய்கறியும் கொதிக்கவைத்த சாறு அண்டா அண்டாவாக முதலிலேயே தயாராகிவிடும், சூப்பும் சாஸும் அதிலிருந்துதான் வரும். கோழி முன்பே மசாலாவிலோ உப்புநீரிலோ ஊறியிருக்கும். பஃபேயில் குவிந்திருக்கும் முட்டைப் பொரியல் பெரும்பாலும் டப்பாவில் வரும் முட்டைக் கலவை. அங்கே இருக்கும் இந்தியப் பருப்பிலும் குருமாவிலும் உப்பு காலையிலேயே விழுந்தாயிற்று. இவ்வளவும் முடிந்தபிறகு மேஜையில் உட்கார்ந்து 'நோ சால்ட் ப்ளீஸ்' என்றால் பாவம், அந்தப் பணியாளர் என்ன செய்வார்? கொதித்து இறங்கிய சாம்பாரிலிருந்து உப்பை யாரால் பிரிக்க முடியும்? (உருளைக்கிழங்கைப் போட்டால் உறிஞ்சிவிடும் என்பது நம் வீட்டு நம்பிக்கை. கிழங்கு உறிஞ்சுவது உப்பை மட்டும் அல்ல, குழம்பையும் சேர்த்துத்தான்.)

ஆக, கப்பலில் உப்பைக் குறைப்பது வாய்க்கட்டுப்பாட்டைவிட நேரம் பார்த்துச் சொல்லும் காரியம். உப்பு விழுவதற்கு முன்னால் நம் சொல் அடுப்படிக்குப் போய்ச் சேர வேண்டும். பெரிய கப்பல் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் சிறப்பு உணவு கேட்பவர்களுக்கென்று ஒரு வழி உண்டு. பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் டிக்கெட் எடுத்த அன்றே கேட்டுவிடுங்கள். 'உப்புக் குறைவாக' என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்வார்கள். 'நாளொன்றுக்கு இத்தனை மில்லிகிராம் சோடியம், டாக்டர் அறிவுரை' என்று எண்ணோடு எழுதுங்கள். வந்த பதிலை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஃபேயில் கண் போகும், போகட்டும். தட்டு மட்டும் உப்பு இன்னும் தொடாத பொருள்களின் பக்கம் போகட்டும். பழம், தண்ணீரில் வெந்த ஓட்ஸ், உப்பில்லாத வெறுஞ்சோறு, கெட்டித் தயிர், முழுதாகச் சுட்ட உருளைக்கிழங்கு, எண்ணெயும் எலுமிச்சையும் மட்டும் ஊற்றிய சாலட். ஓட்டோடு வேகவைத்த முட்டைக்குள் உப்புப் போட யாராலும் முடியாது, அதில் இயற்கையாக இருப்பது எழுபது மில்லிகிராம்தான். ஆம்லெட் கண்ணெதிரே போடுகிறார்கள் என்றால், முட்டையை உடைத்து ஊற்றச் சொல்லி, சீஸும் ஹாமும் உப்பும் வேண்டாம் என்று சொல்லலாம். நம் ஆட்களுக்கு ஒரு நல்ல சேதி: கப்பலில் தயிர்சாதம் கைகொடுக்கும். மிளகும் எலுமிச்சையும் இருந்தால் உப்பில்லாத குறை பாதி தெரியாது. ஊறுகாய் கொண்டுபோகலாமா என்று அம்மா கேட்பார். வீட்டில் செய்த தின்பண்டங்களைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றவிட மாட்டார்கள். இந்த ஒரு விதியாவது நம் பக்கம் இருக்கிறது.

அலாஸ்காவில் ஒரு தனி ஆபத்து, சால்மன் மீன். கெட்சிக்கான் தன்னை உலகத்தின் சால்மன் தலைநகர் என்று அழைத்துக்கொள்ளும் ஊர். பச்சை மீனைச் சுட்டுத் தந்தால் 100 கிராமில் ஐம்பது மில்லிகிராம் சோடியம் இருக்கும். அதே மீனை உப்பில் ஊறவைத்துப் புகையில் வாட்டினால் 600-ஐத் தாண்டும், சில வகைகளில் அதைப்போல மூன்று மடங்கு. கரையில் ருசி பார்க்கச் சொல்லிக் குச்சியில் குத்தி நீட்டுவது பெரும்பாலும் புகையிட்டதுதான். சுட்ட மீனைக் கேளுங்கள். மீனுக்குப் பெயர் போன ஊரில் அது கிடைக்காமல் போகாது.

குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் சிலருக்குப் பயம். கடல் தண்ணீரைத்தானே காய்ச்சித் தருகிறார்கள், அதில் உப்பு இருக்காதா? ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பது உண்மை. ஆனால் கப்பலில் அதை ஆவியாக்கியோ சன்னமான சவ்வு வழியே அழுத்தி வடிகட்டியோதான் குடிநீர் ஆக்குகிறார்கள். உப்பு அங்கேயே நின்றுவிடும். தாராளமாகக் குடிக்கலாம், டாக்டர் தண்ணீருக்கும் அளவு வைத்திருந்தால் ஒழிய.

உண்மையில் பயப்பட வேண்டிய ஒன்று, மாற்று உப்பு. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடைகளில் கிடைக்கிறது, பயணத்துக்கு வசதி என்று சிலர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், சில ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பையே தடுமாறவைக்கும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கேட்கப் போகும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் ஒரு நாள் முழுக்க வாந்தி எடுத்தால், அன்று மாத்திரையை என்ன செய்வது?

இதய நோய் உள்ளவர்கள் காலையில் கழிவறை போய்வந்ததும் எடை பார்ப்பது நல்லது. உடம்பில் ஒரு லிட்டர் தண்ணீர் தங்கினால் ஒரு கிலோ கூடும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பாக இருக்க முடியாது. கப்பல் ஆடும்போது முள்ளும் ஆடும், அதனால் தினமும் அதே நேரத்தில் இரண்டு மூன்று முறை நின்று பாருங்கள். கூடவே கால் வீக்கமோ மூச்சிரைப்போ இருந்தால் கப்பலிலேயே டாக்டர் இருக்கிறார். அவரிடம் தயங்காமல் போங்கள்.

கடைசியாக, முதல் நாள் இரவைப் பற்றி. பஃபேக்கு ஓடாமல், பணியாளர் பரிமாறும் பெரிய சாப்பாட்டு அறைக்குப் போங்கள். ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு, கைப்பையில் இருக்கும் காகிதத்தைக் காட்டுங்கள். பல கப்பல்களில் உங்களைப் போன்றவர்களுக்கு அடுத்த நாள் இரவுச் சாப்பாட்டின் மெனுவை முந்தின இரவே காட்டி, வேண்டியதைக் குறித்துக்கொள்வார்கள். அந்த மீனும் காயும் உங்களுக்கென்று தனியாக, உப்பில்லாமல் வேகும். அதனால் சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். நாளைய மெனு அட்டை காபிக்குப் பிறகுதான் வரும்.