கூரைக்கு வந்த காவிரி
குழாயை நம்பி வளர்ந்த மைசூர், பாலைவனத்து வீடுகளிடம் கற்க வேண்டிய பாடம்

ஜெய்சால்மரில் வருடம் முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. மைசூரில் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனால் மழையை மனதில் வைத்து வீடு கட்டியவர்கள் ராஜஸ்தான்காரர்கள்தான். மைசூரில் இன்று எழும்பும் வீடுகளில் மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியே இறங்கித் தெருவுக்குப் போகிறது. அதே வீட்டு வாசலில் கோடையில் லாரித் தண்ணீர் வந்து நிற்கிறது.

தார் பாலைவனத்தில் வீட்டை ஒட்டித் தரைக்கடியில் கட்டப்படும் தொட்டிக்கு 'டாங்கா' என்று பெயர். கூரையில் விழுவதும், சுண்ணாம்பும் மண்ணும் போட்டுச் சரிவாக மெழுகிய முற்றத்தில் விழுவதும் அதில் போய்ச் சேரும். வெயில் படாததால் பாசி பிடிக்காது, மூடியிருப்பதால் ஆவியாகாது. காந்தி பிறந்த போர்பந்தர் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி உண்டு. அங்கே வீட்டுக்கு அஸ்திவாரம் எவ்வளவு அவசியமோ, தொட்டியும் அவ்வளவு அவசியம்.

பழைய மைசூர் சீமைக்கும் இது புதிதல்ல. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் மிச்சமிருக்கும் 'தொட்டி மனை'யில் நான்கு பக்க ஓட்டுக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து நடு முற்றத்தில் மழையைக் கொட்டும். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முற்றம் வெளிச்சம் தரும், வெக்கையை மேலே அனுப்பும், மழை நாளில் அண்டாவையும் நிரப்பும்.

இந்தப் பழக்கத்தை விழுங்கியது குழாய்தான். காவிரியை மைசூருக்குக் கொண்டுவர 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திவான் பூர்ணய்யா வெட்டத் தொடங்கிய கால்வாய் அந்த நோக்கத்தில் வெற்றி பெறவில்லை. ஊர் மேட்டில், ஆறு பள்ளத்தில். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1864இல் குக்கரஹள்ளி ஏரியை உருவாக்கினார். பிறகு வாணி விலாஸ் நீரேற்று நிலையமும், 1911இல் பணி தொடங்கிய கிருஷ்ணராஜ சாகரும் வந்தன. தண்ணீர் மேடேறியது. குழாயைத் திருகினால் காவிரி. பின்னர் கபினியும் சேர்ந்துகொண்டது. மழையைப் பற்றி வீடு கவலைப்பட வேண்டியதில்லை என்றாகிவிட்டது.

ஆனால் அந்த ஏற்பாடு நகரத்தின் பழைய எல்லைக்குள் இருந்தவர்களுக்கானது. சுற்றிலும் முளைத்த லேஅவுட்டுகளில் பல ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பியவை. 2023இல் கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 200க்கும் மேற்பட்டவை வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்த கோடையில் பெங்களூரில் சுமார் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக அரசே சொன்னது. ஆற்றிலிருந்து இன்னும் எடுக்கலாமே என்றால், அதற்கும் கணக்கு இருக்கிறது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கென்றே. அந்த 14.75ம் தமிழகத்தின் பங்கிலிருந்து போனது. மேட்டூரை நம்பியிருப்பவர்களுக்கு மைசூர் வீட்டுக் கூரை அந்நிய விஷயமல்ல.

ஒரு கூரை எவ்வளவு தரும்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். மைசூரில் சாதாரணக் குடும்பம் வாங்கும் முப்பதுக்கு நாற்பது மனையில் 1,000 சதுர அடிக் கூரை என்று வைத்துக்கொண்டால், சிந்தியது சிதறியது போக வருடத்துக்குச் சுமார் 60,000 லிட்டர் பிடிக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலின்படி நான்கு பேருக்கு இது 110 நாள் வரும். ஆனால் அந்த 135இல் 45 லிட்டர் கழிப்பறைக்குப் போகிறது. குளித்த, துவைத்த தண்ணீரை அங்கே திருப்பிவிட்டால் அதே மழை ஐந்தரை மாதம் தாங்கும். மீதி மாதங்களுக்குக் குழாய் வேண்டும்தான். மழை ஒன்றே போதும் என்று சிறு மனைக்காரரிடம் சொல்பவர்கள் கணக்குப் போடாதவர்கள்.

பெரிய மனையில் அதையும் செய்து காட்டியவர் இருக்கிறார். கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் விஞ்ஞானியாக இருந்த ஏ.ஆர். சிவகுமார், பெங்களூர் விஜயநகரில் 1995இல் வீடு கட்டியபோது மாநகராட்சிக் குடிநீர் இணைப்பே வாங்கவில்லை. முதலில் அவர் புரட்டியது பழைய மழைப் பதிவேடுகளை. நல்ல மழை ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே அதிகபட்சம் 100 நாள் இடைவெளி. குடும்பத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 லிட்டர். எனவே சுமார் 45,000 லிட்டர் கொள்ளளவுக்குத் தொட்டிகள். அவற்றில் ஒன்று கூரைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. மாடியில் விழும் மழை வடிகட்டி வழியாக நேரே அதில் இறங்கும், அங்கிருந்து தானாகவே குழாய்க்கு வரும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நிரம்பி வழிவது தரைத் தொட்டிக்கும் நிலத்துக்கும். சலவை இயந்திரத்தின் தண்ணீர் கழிப்பறைக்கு.

இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஏதுமில்லை. எல்லாம் வரைபடத்தோடு முடிவானவை என்பதுதான் விஷயம். மாடித் தளத்தை ஒரு மூலைக்குச் சரிப்பது, குளியலறைக்கும் கழிப்பறைக்கும் தனித்தனிக் குழாய் போடுவது, சம்ப்பைக் கொஞ்சம் பெரிதாகத் தோண்டுவது எல்லாம் கட்டும்போது சில்லறைச் செலவு. குடிபோன பிறகு அதே வேலைக்கு டைல்ஸை உடைக்க வேண்டும். பெங்களூரில் 2009இல் சட்டம் திருத்தி மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பழைய வீட்டுக்காரர்கள் முணுமுணுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் மட்டும் போதாது என்பதைச் சென்னை அறியும். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் சேகரிப்பு கட்டாயமானது. நிலத்தடி நீரும் ஏறியது. பிறகு பல வீடுகளில் வடிகட்டிக் குழிகள் சேறடைத்து, அவை எங்கே இருக்கின்றன என்பதே மறந்துபோனது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டன.

மைசூரில் மழை மே மாதத்தில் ஒரு முறையும் அக்டோபரை ஒட்டி மறுமுறையும் உச்சத்துக்குப் போகும். டிசம்பர் முதல் மார்ச் வரை அநேகமாக வறட்சிதான். ஆகவே மாடியைப் பெருக்கிக் கழுவ, வடிகட்டியின் ஜல்லியை அலசிப் போட, ஏப்ரல் முதல் வாரம் சரியான நேரம். முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் கரைந்து வரும். அந்தத் தண்ணீரை மட்டும் தோட்டத்துக்குத் திருப்பிவிட, குழாயில் ஒரு வால்வு போதும்.