தொழில்முறை முனைவர் பட்டம் (கலை மற்றும் சமூக அறிவியல்)

தொழில்முறை முனைவர் பட்டம் என்பது ஆசிரியர், தலைமையாசிரியர், சமூகப் பணியாளர், உளவியலாளர், நிர்வாகி, கலைஞர் போன்றோர் தம் பணியில் எழும் சிக்கல் ஒன்றை முறைப்படி ஆராய்ந்து பெறும் உயர்கல்விப் பட்டமாகும். தகுதி நிலையில் இது ஆய்வு முனைவர் பட்டத்திற்கு (பிஎச்.டி.) இணையானது, நோக்கத்தில் வேறுபட்டது. பிஎச்.டி. ஆய்வு ஒரு துறையின் அறிவுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் போதும். தொழில்முறை முனைவர் பட்ட ஆய்வு அதைச் செய்வதோடு, அத்தொழில் நடைபெறும் முறைக்கும் பயன்பட வேண்டும். இப்பட்டத்திற்கான விதிகள் பெரும்பாலும் இந்த இரட்டை நோக்கத்திலிருந்தே பிறந்தவை.

கல்வியியலில் எட்.டி., வணிக நிர்வாகத்தில் டி.பி.ஏ., மருத்துவ உளவியலில் டி.கிளின்.சை., படைப்புக் கலைகளில் டி.சி.ஏ. ஆகியவை இவ்வகையில் அறியப்பட்ட பட்டங்கள். இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஆறு ஆண்டுகள் படித்துப் பெறும் பார்ம்.டி., அமெரிக்காவின் சட்டப் பட்டமான ஜே.டி. ஆகியவற்றின் பெயரிலும் ‘டாக்டர்’ என்ற சொல் உண்டு. ஆனால் அவை ஒரு தொழிலுக்குள் நுழைவதற்கான பட்டங்கள். இக்கட்டுரை, பெரும்பாலும் முதுகலைக்குப் பின், பணியனுபவத்தோடு மேற்கொள்ளப்படும் ஆய்வுப் பட்டங்களைப் பற்றியது.

வரலாறு

அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகம் 1921-இல் முதல் எட்.டி. பட்டத்தை வழங்கியது. ஆத்திரேலியாவில் வுல்லாங்காங் பல்கலைக்கழகம் 1984-இல் படைப்புக் கலைகளுக்கான முனைவர் பட்டத்தைத் தொடங்கியது. பிரித்தானியாவில் முதல் எட்.டி. படிப்பு 1992-இல் பிரிசுடல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் பின்னர் கல்வியியல், சமூகப் பணி, வணிகம், பொது நிர்வாகம் எனப் பல துறைகளுக்கு இப்பட்டம் பரவியது.

சேர்க்கைத் தகுதி

விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறினாலும், பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக எதிர்பார்ப்பவை பின்வருமாறு:

• தொடர்புடைய துறையில் முதுகலைப் பட்டம்
• அத்துறையில் சில ஆண்டுகள் பணியனுபவம். பல இடங்களில் குறைந்தது மூன்று அல்லது நான்கு ஆண்டுகள்
• ஆராய விரும்பும் சிக்கலை விளக்கும் ஆய்வு முன்வரைவு
• கல்வி சார்ந்தும் பணி சார்ந்தும் பரிந்துரைக் கடிதங்கள்
• ஆங்கிலம் தாய்மொழியல்லாதோருக்கு ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று

இவற்றுள் பணியனுபவமே பிஎச்.டி. சேர்க்கையிலிருந்து இதை வேறுபடுத்துவது. படிக்கும் காலத்திலும் மாணவர் அத்தொழிலில் இருக்க வேண்டும் எனப் பல படிப்புகள் கோருகின்றன. ஆய்வுக்களம் பெரும்பாலும் அவருடைய பணியிடமே என்பது இதற்குக் காரணம்.

காலமும் மதிப்புப் புள்ளிகளும்

பெரும்பாலான மாணவர்கள் பணியில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்கின்றனர். படிப்பை முடிக்கப் பொதுவாக நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். இங்கிலாந்தின் தகுதிக் கட்டமைப்பில் முனைவர் பட்டம் எட்டாம் நிலையில் உள்ளது. பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் மதிப்புப் புள்ளிகள் (கிரெடிட்) கணக்கிடப்படுவதில்லை. தொழில்முறை முனைவர் பட்டத்திற்கு வழக்கமாக 540 புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன. அவற்றுள் குறைந்தது 360 எட்டாம் நிலையில் அமைய வேண்டும். ஒரு புள்ளி ஏறத்தாழ 10 மணிநேர உழைப்பைக் குறிப்பதால், மொத்த உழைப்பு சுமார் 5,400 மணிநேரம்.

ஆத்திரேலியத் தகுதிக் கட்டமைப்பு ஆய்வு, தொழில்முறை ஆகிய இருவகை முனைவர் பட்டங்களையும் மிக உயர்ந்த நிலையான பத்தாம் நிலையில் வைக்கிறது. தொழில்முறைப் பட்டத்தில் பாடவேலை இடம்பெறலாம். எனினும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆய்வுக்கு ஒதுக்கப்பட வேண்டும். பொதுவாக, படிப்பில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆய்வாக இருக்கும். வகுப்புகளில் கலந்துகொண்டு மட்டும் முனைவராகிவிட முடியாது என்பதை இவ்விதி உறுதிசெய்கிறது.

பாடநிலை

முதல் ஓரிரு ஆண்டுகளில் ஆய்வு முறையியல், தொழில் அறமும் அடையாளமும், கொள்கைப் பகுப்பாய்வு போன்ற பாடங்கள் நடத்தப்படும். ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் ஒரு குழுவாகப் பயில்வது இப்படிப்பின் இயல்பு. ஒவ்வொரு பாடத்திற்கும் நீண்ட கட்டுரை எழுதித் தேர்ச்சி பெற்ற பின்னரே ஆய்வுநிலைக்குச் செல்ல முடியும். இடையில் விலக நேர்பவருக்கு, பெற்ற புள்ளிகளைப் பொறுத்து முதுகலை நிலையிலான பட்டம் வழங்கப் பல பல்கலைக்கழகங்களில் இடமுண்டு.

ஆய்வேடு

சமூக அறிவியலில் பிஎச்.டி. ஆய்வேடு பொதுவாக 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை அமையும். எட்.டி. ஆய்வேடு பெரும்பாலும் 40,000 முதல் 60,000 சொற்களில் முடியும். பாடநிலைக் கட்டுரைகளும் பட்டத்தின் பகுதியாக மதிப்பிடப்படுவதால் இந்த அளவு குறைகிறது. அசல் பங்களிப்பு வேண்டும் என்ற விதியில் எந்தத் தளர்வும் இல்லை. சில பல்கலைக்கழகங்கள், ஆய்வு தம் பணியை எவ்வாறு மாற்றியது என்பதை விளக்கும் தன்மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்கின்றன.

படைப்புக் கலைகளில் நாவல், நாடகம், இசைப்படைப்பு, ஓவியக் காட்சி போன்றவை ஆய்வின் ஒரு பகுதியாக ஏற்கப்படும். ஆனால் படைப்பு மட்டும் போதாது. அது எந்த ஆய்வுக் கேள்விக்கு விடை தேடுகிறது, முன்னோர் படைப்புகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதை விளக்கும் எழுத்துரையும் இணைக்கப்பட வேண்டும்.

பணியிட ஆய்வும் நெறிமுறையும்

இப்பட்டத்தில் மிகுந்த கவனம் கோரும் பகுதி நெறிமுறை ஒப்புதல். வெளியிலிருந்து வரும் ஆய்வாளரை மறுக்கப் பங்கேற்பாளருக்குத் தயக்கம் குறைவு. தொழில்முறை ஆய்வாளரோ பலநேரங்களில் பங்கேற்பாளரின் மேலதிகாரி. எடுத்துக்காட்டாக, ஒரு தலைமையாசிரியர் தம் பள்ளி ஆசிரியர்களின் பணிச்சுமையை ஆராய்வதாகக் கொள்வோம். அவரிடம் நேர்காணலுக்கு மறுப்புச் சொன்னால் என்ன ஆகுமோ என்ற அச்சம் ஆசிரியருக்கு எழலாம். ஒப்புக்கொண்டாலும் உண்மையைச் சொல்லாமல் விடலாம். முதலாவது நெறிமுறைச் சிக்கல். இரண்டாவது ஆய்வின் நம்பகத்தன்மையையே குலைப்பது.

எனவே, தரவு திரட்டும் முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நிறுவனத்தின் அனுமதியும் பெற வேண்டும். பங்கேற்க மறுப்பதாலோ பாதியில் விலகுவதாலோ பாதிப்பு வராது என எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். சிறிய நிறுவனத்தில் பெயரை மறைத்தாலும் பதவியை வைத்து ஆளை அடையாளம் காண முடியும் என்பதால், பதவி விவரங்களையும் மறைக்க வேண்டியிருக்கும். சில ஆய்வுகளில் நேர்காணலை வேறொருவர் நடத்துவதோ வேறொரு பள்ளியைக் களமாகக் கொள்வதோ தீர்வாகிறது.

வாய்மொழித் தேர்வு

பிரித்தானியாவில் ஆய்வேட்டைக் குறைந்தது இரு தேர்வாளர்கள் மதிப்பிடுவர். அவர்களுள் ஒருவராவது பிற பல்கலைக்கழகத்தவராக இருப்பார். நெறியாளர் தேர்வாளராக இருக்க முடியாது. தேர்வின் முடிவு நேரடித் தேர்ச்சி, சிறு திருத்தங்களுடன் தேர்ச்சி, பெருந்திருத்தம் செய்து மீண்டும் அளித்தல், கீழ்நிலைப் பட்டம், தோல்வி ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். சிறு திருத்தங்களுடன் தேர்ச்சி பெறுவது இயல்பான ஒன்று.

பட்டமும் தொழில் உரிமமும்

பிரித்தானியாவில் மருத்துவ உளவியல் முனைவர் படிப்பு பொதுவாக மூன்றாண்டு முழுநேரப் பயிற்சி. அதை முடித்தவர் உரிய ஒழுங்குமுறை மன்றத்தில் பதிவு செய்து, சட்டப் பாதுகாப்புள்ள ‘மருத்துவ உளவியலாளர்’ என்ற பெயரைப் பயன்படுத்தலாம். எட்.டி., டி.பி.ஏ. போன்றவை எந்த உரிமத்தையும் தருவதில்லை. ஏற்கெனவே தொழிலில் இருப்பவரின் அறிவை ஆழப்படுத்துவதே அவற்றின் பயன்.

விமர்சனங்கள்

எட்.டி. நீர்த்துப்போன பிஎச்.டி. என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. ஆர்தர் லெவின் 2005-இல் வெளியிட்ட அறிக்கையில், பள்ளித் தலைமைப் பயிற்சியிலிருந்து எட்.டி. பட்டத்தையே நீக்கப் பரிந்துரைத்தார். லீ சுல்மனும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல், இரு பட்டங்களின் நோக்கமும் தெளிவாகப் பிரிக்கப்படாததே சிக்கல் என வாதிட்டனர். இதையடுத்து 2007-இல் கல்வியியல் முனைவர் பட்டத்திற்கான கார்னகி திட்டம் தொடங்கப்பட்டது. பணியிடச் சிக்கல் ஒன்றை மையமாகக் கொண்ட ஆய்வேட்டை அது வலியுறுத்தியது. ஆர்வர்டு பின்னர் எட்.டி. பட்டத்தைக் கைவிட்டு, ஆய்வுக்குப் பிஎச்.டி., கல்வித் தலைமைக்கு எட்.எல்.டி. என இரண்டாகப் பிரித்தது.

இந்தியாவில் ஏற்பு

இந்தியாவில் முனைவர் ஆய்வுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் பிஎச்.டி. பட்டத்திற்கானவை. அதன்படி பாடவேலை உட்படக் குறைந்த காலம் மூன்று ஆண்டுகள். இணையவழிக் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் இணையவழிப் பிஎச்.டி. படிப்புகள் ஏற்கப்படா என்று மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன. வெளிநாட்டுத் தகுதிகளுக்கு இணைத்தகுதி வழங்குவது குறித்து 2025-இல் தனி ஒழுங்குமுறைகள் வெளியாயின.

ஒரு பட்டம் அதை வழங்கிய நாட்டில் முறையானதாக இருப்பது வேறு. இந்தியாவில் ஆசிரியப் பணிக்குரிய தகுதியாக ஏற்கப்படுவது வேறு. பணி உயர்வையோ கல்லூரிப் பணியையோ எண்ணி இப்படிப்பில் சேர்வோர், கட்டணம் செலுத்தும் முன்பே வேலை வழங்கும் அமைப்பிடம் எழுத்து வடிவில் விடை பெறுவது தேவையாகும்.