கெட்டிமேளமும் கேம்கார்டரும்

பெங்களூரில் ஈஜிபுராவிலிருந்து கோரமங்கலம் போகிறவர்கள் கடந்தாக வேண்டிய நாற்சந்தி ஒன்றுக்கு, அங்கிருந்த சோனி கடையின் பெயரே ஒட்டிக்கொண்டு, 'சோனி வேர்ல்ட் சிக்னல்' என்று ஆட்டோக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோர் வாயிலும் நிலைத்துவிட்டது. 2017-இல் ஆரம்பமாகி, இடையில் வேலை நின்று, பல வருஷங்கள் வெறுந் தூண்களாகவே காட்சியளித்த மேம்பாலம் அந்த வழியாகத்தான் செல்கிறது. அந்தச் சாலையின் ஓயாத இரைச்சலுக்கு அப்பால், தமிழும் கன்னடமும் கலந்தே பேசப்படும் சந்துகளில், கலியாணம், காதுகுத்து, பக்கத்து விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் ஒரு ஞானஸ்நானம் என்று விசேஷங்களுக்குக் குறைவில்லை. இவற்றைப் படம்பிடித்து ஜீவனம் நடத்தும் வீடியோக்காரர் ஒருவர், கடன் பட்டாவது நல்ல கேம்கார்டர் ஒன்றை வாங்கிவிடுவது என்று தீர்மானித்தால், படத்தைப் பார்த்து வாங்குவதா, சப்தத்தைக் கேட்டு வாங்குவதா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

கடையில் அவர் காதில் முதலில் விழும் சொல் '4கே'. ஒலியைப் பற்றி வியாபாரியும் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. இந்த அலட்சியம் வாங்குகிறவர்களுடையது மட்டுமன்று. யந்திரம் செய்கிறவர்களிடமும் இருந்ததுண்டு. நம் கலியாண மண்டபங்களில் ஒரு காலத்தில் பி.டி.170 போன்ற காமிராக்கள் கோலோச்சின அல்லவா? அவற்றின் 'டிஜிட்டல் வீடியோ' நாடாவில், படம் 720-க்கு 576 புள்ளிகளே கொண்டதாயினும், ஒலி எவ்விதச் சுருக்கமும் இன்றி, விநாடிக்கு 1,536 கிலோபிட் வீதம் பதிவாயிற்று. பின்னர் எச்.டி.வி. வந்தது. அதே அளவு நாடாவில், அதே 25 மெகாபிட் வேகத்தில், 1440-க்கு 1080 புள்ளிகள் கொண்ட பெரிய படத்தை அடக்க வேண்டிய நிர்ப்பந்தத்தால், ஒலியை 384 கிலோபிட்டுக்கு, அதாவது நாலில் ஒரு பங்குக்குச் சுருக்கிவிட்டார்கள். படத்தின் அபிவிருத்தியை ஊரே கொண்டாடிற்று. ஒலிக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கவனித்தவர் சிலரே.

படத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். புள்ளிகளின் எண்ணிக்கையைவிட, ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பே முக்கியம் என்பது என் அபிப்பிராயம். 1 அங்குலச் சென்சார் என்று சொல்லப்படுவது, உண்மையில் 13.2 மில்லிமீட்டர் அகலமே உடையதாயினும், பழைய மூன்றில் ஓர் அங்குலச் சென்சாரைப் போல ஆறு மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. மண்டபத்தின் மங்கலான மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறாமல் தெரிவது அதனால்தான். 8 பிட் பதிவில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1,024 படிகள். பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பைப் பின்னால் திருத்த முற்படும்போது இந்த வித்தியாசம் புலப்படும். ஆனால் 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவுக்கு 45 ஜிகாபைட் இடம் வேண்டும். முகூர்த்த நாள் முழுவதும் எடுப்பவர் கார்டுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் ஆகும் செலவையும் கூட்டிப் பார்ப்பது விவேகம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கையில் காமிரா வரவழைக்கும் வழக்கம் இந்த ஊரில் உண்டு. அங்கே விற்கும் சில மாடல்களில் விநாடிக்கு 60 அல்லது 30 பிம்பங்கள் எடுக்கும் வசதி மட்டுமே இருக்கும். நம் மின்சாரமோ 50 சுழற்சி. ஆகையால் விளக்குகளின் கீழ் படம் துடிக்கக்கூடும்.

இனி ஒலி. மணவறையில் புரோகிதர் தணிந்த குரலில் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காமிராவின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு, சப்தம் குறைவாயிருக்கிறதே என்று தன் வாங்கும் சக்தியை உயர்த்திக்கொண்டே போகிறது. மின்விசிறியின் உறுமலும் வெளியே போகும் லாரியின் ஹாரனும் உடன் உயர்கின்றன. அந்தக் கணத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது. தவிலின் முதல் அடி கரகரவென்று வெடித்துப் பதிவாகிறது. யந்திரம் திடுக்கிட்டுத் தன்னை அமுக்கிக்கொள்கிறது. மேளம் நின்ற பிறகும் சில விநாடிகள் அது தலைதூக்குவதில்லை. தாலி கட்டியதும் பெண்ணின் தாய் தழுதழுத்துச் சொன்ன வாழ்த்து அந்தப் பள்ளத்தில் விழுந்து மறைகிறது. முகம் சற்றே மங்கலாகப் பதிந்தால் வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். வாழ்த்துச் சொன்ன குரல் புரியாவிட்டால் அந்தப் பகுதியை மறுமுறை போட்டுப் பார்க்கமாட்டார்கள்.

ஆகவே, சம விலையில் இரண்டு காமிராக்கள் இருந்து, ஒன்று படத்தில் சிறிது உயர்ந்தும் மற்றது ஒலி வசதிகளில் உயர்ந்தும் காணப்பட்டால், நான் இரண்டாவதையே சிபாரிசு செய்வேன். மூன்று ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் துளைகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் கையால் திருகக்கூடிய தனித்தனிக் குமிழ், ஹெட்போன் துளை ஆகியவை இருந்தே தீரவேண்டும். ஒரே மைக்கை இரண்டு சானல்களிலும் வாங்கி, ஒன்றைச் சுமார் 12 டெசிபல் தாழ்த்தி வைத்துக்கொண்டால், மேளம் முழங்கும்போது தாழ்ந்த பதிவு காப்பாற்றும். கடையிலேயே ஹெட்போனை மாட்டி, மைக்கைத் துணியால் பொத்திக் குமிழை உச்சிவரை திருகிக் கேட்டால், யந்திரத்தின் சொந்த 'ஸ்ஸ்' இரைச்சல் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். எனினும் காமிராவின் மேலுள்ள மைக் எத்தனை விலையுயர்ந்ததாயினும், திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபல் குறைவதைத் தடுக்க அதனால் ஆகாது. பேசுகிறவரின் சட்டையில் குத்திய சாதாரணக் காலர் மைக் அதை அநாயாசமாக வென்றுவிடும்.

மண்டபத்துச் சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸரிலிருந்து நேரே ஒயர் இழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பது மெய்தான். ஆனால் அங்கிருந்து வருவது வலுவான 'லைன்' ஒலி. காமிராவில் உள்ள சின்னஞ்சிறு சுவிட்சோ பெரும்பாலும் 'மைக்' பக்கமே இருக்கும், அல்லது முந்தின விசேஷத்தில் மைக்குக்காகப் போட்ட 48 வோல்ட் மின்சாரத்துடன் அப்படியே கிடக்கும். அதை 'லைன்' பக்கம் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகே ஒயரைச் செருக வேண்டும்.