உப்புக்கடல் நடுவே மிதக்கும் நன்னீர்

மலையகத்து றொசல்லயில் தண்ணீரைத் தேடிப் போக வேண்டாம். மலையிலிருந்து இறங்கி அதுவே பீலிக்கு வந்துவிடும். பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அந்த மழைக்குப் பழகியவர்கள் ஒருமுறையாவது நெடுந்தீவுக்குப் போக வேண்டும். பொல்கஹவெலயில் ரயில் மாறி யாழ்ப்பாணம், அங்கிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான், பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம்.

இறங்கியதும் வெண்மணல் கரை. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் நிலம்; கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரந்தான். மலையில்லை, ஆறில்லை. ஆனால் ஊருக்குள் நன்னீர்க் கிணறுகள் இருக்கின்றன! சாராப்பிட்டிக் கிணறுகள் அதற்குப் பேர்போனவை.

அந்த நன்னீர் எங்கிருந்து வருகிறது? விடை காலடியில் இருக்கிறது. தீவின் கல் சுண்ணாம்புக்கல். துளையும் வெடிப்பும் நிறைந்தது. வடகீழ்ப் பருவமழை ஓடி வீணாகாமல் அதற்குள் இறங்குகிறது. கீழே ஏற்கெனவே கடல்நீர் ஊறி நிற்கிறது. ஆனாலும் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. ஆயிரம் லீற்றர் நன்னீரைவிட ஆயிரம் லீற்றர் கடல்நீர் சுமார் 25 கிலோ, அதாவது அரை மூட்டை மாவின் எடை, கூடுதல். அந்தச் சிறு வித்தியாசம் போதும், மழைநீர் கடல்நீரின் மேல் மிதக்க. நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த இந்த நீர்த்திரளுக்கு ‘நன்னீர் வில்லை’ என்று பெயர்.

இதன் கணக்கு இன்னும் வியப்பானது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 25 சென்றிமீற்றர் நின்றால், கீழே 10 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம்: ஒன்றுக்கு நாற்பது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபன், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பேர்க் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்த விதி இது.

விதி மறுபக்கமும் வெட்டும். மோட்டார் போட்டு நீர்மட்டத்தைப் பத்துச் சென்றிமீற்றர் இறக்கினால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் நான்கு மீற்றர் வரை மேலேறலாம். துலாவும் பட்டையும் கொண்டு மெல்ல இறைத்த முன்னோர் முறை, வில்லையைக் குலைக்காத முறை என்றே சொல்வேன்.

அதே கடலின் கொடை ஊர் வேலிகளிலும் தெரியும். சாந்து பூசாமல் முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய மதில்கள் அவை. கல்லை உற்றுப் பார்த்தால் நட்சத்திரக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்த ஒரு சிற்றுயிரின் வீடு. இடுக்குகள் வழியே காற்று புகுந்து போவதால் பெருங்காற்று மதிலை மோதும் விசை குறைகிறது. கிரேக்கத் தீவுகளின் கிராமங்களிலும் இப்படிக் கல்லடுக்குவார்கள்; கிரேக்கம் உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் இக்கலையை 2018இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நெடுந்தீவு மதில்கள் அந்த மதிப்புக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

கோடையில் தீவில் திரியும் குதிரைகள்கூடத் தண்ணீருக்குத் தவிக்கும். போகிறவர்கள் குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள். மதிலிலிருந்து ஒரு கல்லையும் பெயர்க்காதீர்கள்.